முதுகுப்பக்கத்துப் பாறை: பல்லாவரம் முதல் செஞ்சி வரை ஒரு பயணம்

வெள்ளிக்கிழமை, பல்லாவரம்

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள், அதாவது 2024 டிசம்பர் 1 அன்று, திருவண்ணாமலை மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வ.உ.சி. நகர் வீடுகளின்மேல் இறங்கி ஏழு பேரின் உயிரைப் பறித்தன. பாறைச் சரிவு என்றால் நீலகிரி, வால்பாறை, வயநாடு என்றே எண்ணிப் பழகிய நம்மைப் போன்ற வட தமிழகத்துக்காரர்களுக்கு, சமவெளியில் ஒற்றையாக நிற்கும் கருங்கல் மலையும் இறங்கி வரும் என்பது அப்போதுதான் உறைத்தது. சென்னையைச் சுற்றியுள்ள தொல்லியல் இடங்களை எண்ணிப் பார்த்தால், குடைவரை, சமணர் படுக்கை, பாறை ஓவியம், கோட்டை என்று பலவும் ஏதோ ஒரு குன்றின் அடியிலோ இடுக்கிலோ உச்சியிலோதான் இருக்கின்றன. அவற்றின் முன்புறம் வேலியும் அறிவிப்புப் பலகையும் உண்டு. தலைக்கு மேலேயும் முதுகுப்பக்கமும் இருக்கும் பாறையை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வியோடு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே சில இடங்களைப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். மலைச்சாலைச் சரிவுகளைக் காக்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்ற என் தாய்மாமா துணைக்கு வந்தார். துணைக்கு என்று சொல்வது மரியாதைக்காகத்தான். பார்த்தது பெரும்பாலும் அவர் கண்ணால்.

பல்லாவரத்தில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. 1863 மே 30 அன்று நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கேதான் ஒரு பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. முதலாம் மகேந்திரவர்மனின் குடைவரை ஒன்றும் இவ்வூர்க் குன்றில் இருக்கிறது. இப்போது அது தர்கா. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் குன்றுகளின் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறை இந்தக் கல்லால் ஆனது என்பதால் வந்த பெயர் அது. உறுதியான கல்தான். ஆனால் எவ்வளவு உறுதியான பாறையும் விரிசல்களால் துண்டு துண்டாகப் பிரிந்தே நிற்கிறது. மலையின் பலத்தைக் கல்லின் பலம் தீர்மானிப்பதில்லை, அந்த விரிசல்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதே தீர்மானிக்கிறது என்று மாமா சொன்னார். விரிசல் மலையின் உட்பக்கமாகச் சாய்ந்திருந்தால் துண்டு பெரும்பாலும் அப்படியே அமர்ந்திருக்கும். வெளிப்பக்கமாக, நாம் நிற்கும் பக்கமாகச் சாய்ந்திருந்தால் உராய்வு ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

திரிசூலம் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடக்கிறது. வெடி வைத்துக் கல் எடுத்த குன்றில், வெடித்த இடத்தோடு சேதம் நிற்பதில்லை. அதிர்வு பழைய விரிசல்களைச் சற்றே திறந்துவிட, அடுத்த மழை உள்ளே போக வழி கிடைத்துவிடுகிறது. அதன் விளைவு பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தால், குவாரிக்கும் விழுந்த பாறைக்கும் உள்ள தொடர்பை நிறுவ யாராலும் முடியாது.

சனிக்கிழமை, குடியம்

பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி, குடியம் கிராமத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, புதர்க்காட்டில் நடந்து அல்லிக்குழி மலைத்தொடரின் பாறை ஒதுக்கிடங்களை அடைந்தோம். புரட்டாசி மாதத்து வெயில் காலை ஒன்பது மணிக்கே முதுகைச் சுட்டது. வழிகாட்டியாக வந்த உள்ளூர் இளைஞர், குகை வாயிலுக்குச் சற்று முன்பே நின்று, "மேலே தேன்கூடு இருக்கு சார், சத்தம் போடாம வாங்க" என்றார். கூரையிலிருந்து கரிய பாய்போலத் தேனடைகள் தொங்கிக்கொண்டிருந்தன. மாமாவுக்கு முதலில் தோன்றியது தொழில் சார்ந்த கவலை. கயிறு கட்டி இறங்கித் தளர்ந்த கற்களைத் தட்டி எடுக்கும் வேலையை இங்கே எந்த மாதத்தில் செய்வது, தேனீ இல்லாத நாள் எது என்று அந்த இளைஞரிடம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

இங்குள்ள பாறை கருங்கல் அன்று. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்த குவார்ட்சைட் (மணற்கல் இறுகி உருமாறிய கடினக்கல்) கூழாங்கற்கள், மணலும் களிமண்ணும் இறுகிய கலவையில் பதிந்து உருவான திரள்பாறை. மனிதத் தலையளவு கற்களிலிருந்து எலுமிச்சையளவு கற்கள்வரை கூரையெங்கும் பதிந்திருக்கின்றன. இந்தக் கற்கள்தான் பழங்கற்கால மனிதருக்குக் கருவி செய்யும் மூலப்பொருள். சில கிலோமீட்டர் தள்ளியுள்ள அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. குடியத்தில் 1960களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்திருக்கிறது.

கருங்கல் மலையில் ஆபத்து பெரும் துண்டுகளாக வரும். இங்கே அது ஒவ்வொரு கல்லாக உதிரும். கூரையை அண்ணாந்து பார்த்தால் கல் கழன்று விழுந்த குழிகள் தெரிகின்றன. அக்குழிகளின் நிறத்தைப் பார்க்கச் சொன்னார் மாமா. பழைய குழியின் உட்புறம் கூரையின் மற்றப் பகுதியைப் போலவே கறுத்துப் பாசி ஏறியிருந்தது. வாயிலுக்கு மேலே ஓரிடத்தில் இருந்த குழி மட்டும் செம்மண் நிறத்தில், ஈரம் காயாத மண்பாண்டத்தின் உடைந்த வாய்போலப் புதிதாக இருந்தது. அதற்கு நேர்கீழே தரையில் தேடினோம். தேங்காயளவு கல் ஒன்று, ஒரு பக்கம் மட்டும் செம்மண் ஒட்டியபடி, காய்ந்த சருகுகளின்மேல் கிடந்தது. சருகுக்கு மேலே கிடந்ததால் அது விழுந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது என்று ஊகித்தோம். கருவி எதுவும் தேவைப்படாத கணிப்பு இது. இப்படிப்பட்ட குழிகளை ஆண்டுக்கொருமுறை ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து ஒப்பிட்டாலே கூரையின் எந்தப் பகுதி உதிர்கிறது என்பது புரிந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தொல்லியல் இடத்தையும் மலைச்சாலையையும் ஒன்றாகக் கருத முடியாததற்கு அதுவே முதற்காரணம். மலைச்சாலையில் விழுந்த கல் குப்பை, ஜே.சி.பி. வந்து அள்ளிவிடும். பாறை ஒதுக்கிடத்தில் விழுந்த கல் ஒரு சான்று. கூரை உதிர்ந்த அடுக்கு, அதற்குக் கீழே இருக்கும் வாழ்விடத் தடயங்களை மூடிப் பாதுகாத்திருக்கும்; எந்தக் காலத்தில் பாறை அதிகம் உதிர்ந்தது என்பதிலிருந்து அன்றைய மழையையும் குளிரையும் பற்றிய செய்தி கிடைக்கும். எனவே பாதுகாப்பு என்ற பெயரில் குகைத் தரையைக் கூட்டிப் பெருக்கிச் சமன்செய்து சிமெண்டுத் தளம் போடுவதைவிட, கல் விழுந்தபடியே கிடப்பது நல்லது என்பேன். சுற்றுலா வசதி என்று யாராவது பேசத் தொடங்கினால் முதலில் தரையைத்தான் தொடுவார்கள், அதைத்தான் தொடக்கூடாது.

குகையில் ஒரு சிறிய அம்மன் வழிபாட்டிடமும் இருக்கிறது. மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்கார்ந்து பொங்கல் வைக்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டு, அந்த இடத்துக்கு மேலே உள்ள கூரையை மட்டும் முதலில் சோதித்தால் போதும் என்று மாமா கருதினார். ஆபத்து என்பது விழும் கல்லும் அடியில் நிற்கும் ஆளும் சேர்ந்தது. கல்லை நகர்த்த முடியாதபோது ஆளைப் பத்தடி நகர்த்தலாம். செலவும் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரம்

ஞாயிறு மாமல்லபுரம் போவது யாரும் பரிந்துரைக்காத காரியம். வெண்ணெய் உருண்டைக் கல்லைத் தாங்குவதுபோல் கை வைத்துப் படம் எடுப்பவர்களின் வரிசை நீண்டிருந்தது. ஏறத்தாழ 6 மீட்டர் உயரமும் 250 டன் எடையும் உள்ளதாகச் சொல்லப்படும் அந்தக் கல்லை 1908இல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி அகற்ற முயன்றார் என்ற கதையை, வழிகாட்டி ஒருவர் எங்கள் காதுபடவே இரண்டு குழுக்களுக்குச் சொன்னார். மனிதர் தள்ளுவதால் இதற்கு ஒன்றும் ஆகாது என்றார் மாமா. பாறைக்கும் உருண்டைக்கும் இடையே தேங்கும் தண்ணீரும், அங்கே சேரும் மண்ணும், அந்த மண்ணில் முளைக்கும் அரசங்கன்றும்தான் இப்படிப்பட்ட கற்களுக்கு எதிரி. வேர் விரிசலுக்குள் நுழைந்து பருத்தால் ஆப்பு அடித்ததுபோலப் பாறையைப் பிளக்கும். கன்றை வெறுமனே வெட்டிவிட்டுப் போவதும் பயனற்றது. வேர் உயிரோடிருந்தால் மீண்டும் தழைக்கும், செத்தால் மட்கி, தண்ணீர் போக வாய்க்கால் ஆகிவிடும். விரலளவு இருக்கும்போதே வேரோடு எடுத்து, அந்தத் துளையைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும்.

அர்ச்சுனன் தபசு முன்னால் நெடுநேரம் நின்றோம். இரண்டு பெரும்பாறைகளுக்கு இடையே இயற்கையாக அமைந்த பிளவைச் சிற்பி மறைக்கவில்லை. நாகர்களை அதில் இறங்கவிட்டு, மேலேயிருந்து தண்ணீர் வழியும்படி அமைத்துப் புடைப்புச் சிற்பத்தின் நடுநாயகமாகவே அதை ஆக்கிவிட்டான். ஒரு பொறியாளனுக்கு அந்தப் பிளவு மலையின் பலவீனம். இதையும் பிற பிளவுகளையும் ஒரே சூத்திரத்தால் அடைத்துவிட முடியாது என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

கடற்கரைக்குப் பக்கத்தில் இரும்பு என்ற பேச்சு எழுந்தது. பாறையில் துளையிட்டு ராக் போல்ட் எனும் நீண்ட எஃகுக் கம்பியை இறக்கி உள்ளிருக்கும் திடமான பாறையோடு வெளித்துண்டைப் பிணைப்பது மலைச்சாலைகளில் வழக்கம். உப்புக்காற்றில் சாதாரண எஃகு துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். காக்க வந்த கம்பியே கல்லை உள்ளிருந்து வெடிக்கச் செய்யும். ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோலாஸ் பலானோஸ் நல்ல எண்ணத்தோடு வைத்த இரும்புப் பிடிகள் துருவேறிப் பளிங்கைப் பிளந்ததும், பின்னர் அவற்றை அகற்றி டைட்டானியம் வைத்ததும் இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். சிமெண்டுக்கும் இதே குறை உண்டு. அதிலிருந்து கசியும் உப்புகள் கல்லின் மேற்பரப்பை உதிர வைக்கும். எனவே தவிர்க்க முடியாத இடத்தில் துருப்பிடிக்காத எஃகு, சுண்ணாம்பு சார்ந்த கலவை என்பதே நெறி. இரண்டும் விலை கூடியவை. ஒப்பந்தப்புள்ளியில் முதலில் வெட்டுப்படுபவையும் இவைதாம்.

திங்கட்கிழமை, செஞ்சி, திருநாதர்குன்று

மண்டகப்பட்டில் சிறிது நேரமே நின்றோம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு இந்த இருப்பிடத்தை அமைத்ததாக மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமிதத்தோடு பொறித்த இடம். உலோகமில்லாமல் எழுந்ததைக் காக்க உலோகத்தைத் துளையிட்டு இறக்கலாமா என்று மாமாவைச் சீண்டினேன். "அவன் பாறைய நல்லாப் பாத்துத் தேர்ந்தெடுத்தான்பா. நாமதான் சுத்தி இருக்கறதக் கெடுத்துட்டு ஆணி தேடுறோம்" என்றார்.

செஞ்சி வேறு உலகம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளிலும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்ததுபோல் நிற்கின்றன. யாரும் ஏற்றி வைக்கவில்லை. பூமிக்கடியில் இருந்தபோதே கருங்கல்லின் விரிசல் வழியே தண்ணீர் இறங்கி மூலைகளைக் கரைத்து உருட்டியது. பின்னர் சுற்றியிருந்த சிதைந்த மண் மழையில் கழுவிப்போக, கரையாத மையக்கற்கள் மட்டும் அடுக்காக எஞ்சின. அதாவது இன்று கோட்டைமதிலுக்கு மேலே நிற்கும் ஒவ்வொரு உருண்டையும் தன் அடியிலிருந்த மண்ணை இழந்தபடியேதான் அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அந்த இழப்பு நின்றுவிடவில்லை. கோட்டை கட்டியவர்கள் இப்பாறைகளை மதிலின் பகுதியாகவே சேர்த்துக்கொண்டு இடைவெளிகளை மட்டும் கல்லடுக்கால் அடைத்திருக்கிறார்கள். அந்த அடைப்புச் சுவர் பல இடங்களில் பகைவரைத் தடுத்ததோடு மேலிருக்கும் உருண்டைக்கு முட்டாகவும் இருந்திருக்கும். எனவே இங்கே சிதைந்த மதிலைச் செப்பனிடுவது அழகுபடுத்தும் வேலை அன்று. எந்தச் சுவர் எந்தப் பாறையைத் தாங்குகிறது என்று தெரியாமல் ஒரு கல்லைக்கூடப் பிரிக்கக் கூடாது.

ராஜகிரி ஏறும் வழியில், ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டையைக் காட்டி மாமா கணக்குப் போட்டார். கருங்கல்லில் அதன் எடை ஏறத்தாழ 1.4 டன். தடையில்லாமல் 20 மீட்டர் விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். ஆற்றல் ஏறத்தாழ 275 கிலோஜூல். இதைத் தடுக்கும் எஃகு வலைத் தடுப்புகள் சந்தையில் உண்டு. இதைவிடப் பத்து மடங்கு தாங்குபவையும் உண்டு. ஆனால் அவற்றுக்குத் தூண் வேண்டும், தூணுக்கு அடித்தளம் வேண்டும், வலை இழுபடும்போது பின்னால் சில மீட்டர் வெற்றிடமும் வேண்டும். யுனெஸ்கோ 2025 ஜூலையில் மராத்தியப் போர்க்கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியமாக அறிவித்த இந்தக் கோட்டையில் அந்தத் தூணை எங்கே நடுவது? துருக்கியின் திராப்சோன் மலைகளில், செங்குத்தான பாறைமுகத்தில் ஒட்டியிருக்கும் சுமேலா மடாலயத்தை, பாறை விழும் ஆபத்தால் 2015இல் பார்வையாளருக்கு மூடினார்கள். கயிற்றில் இறங்கும் தொழிலாளிகள் பாறைமுகத்தைத் தடவித் தடவித் தளர்ந்தவற்றை அகற்றி, அகற்ற முடியாதவற்றைக் கம்பி வடத்தால் கட்டிய பிறகு, 2019இல் ஒரு பகுதியை மட்டும் திறந்தார்கள். நான்கு ஆண்டுகள் சுற்றுலா வருவாயை விட்டுக்கொடுத்தது எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. நம் ஊரில் ஒரு வாரம் மூடினாலே மனு வரும்.

பிற்பகலில் திருநாதர்குன்றுக்குப் போனோம். உச்சியில் ஒரு பெரும்பாறையின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசை. அருகே, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு. சிற்பங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் இறங்கிவிடுவார்கள்; நாங்கள் சுற்றிப் பின்பக்கம் போனோம். பக்கத்துப் பாறை ஒன்றிலிருந்து தகடாக உரிந்து நின்ற ஒரு துண்டின் பின்னே, உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளி இருந்தது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் சுத்தியலைக் கொண்டுவரக் கூடாது என்பதால் அதை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்திருந்த மாமா, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டினார். திடமான இடத்தில் ஓசையே எழவில்லை. தகட்டின் நடுவில் பானையைத் தட்டுவதுபோலப் பொத்தென்று ஒலித்தது.

விரிசலை அளப்பது எளிதாகத் தோன்றும். இரு பக்கமும் குறியிட்டு இடைவெளியைக் குறித்துக்கொண்டால் ஆயிற்று. கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் இப்படிப்பட்ட கருங்கல் தகடு ஒன்றை மூன்றரை ஆண்டுகள் கருவி வைத்து அளந்து, 2016இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பகல் வெப்பத்தில் தகடு வெளியே விலகி, இரவில் திரும்பி வந்தது. ஒரே நாளில் 1 சென்டிமீட்டர் வரை. ஒவ்வொரு நாளும் நடக்கும் இந்த அசைவே சிறுகச் சிறுக விரிசலை நீட்டி, வெயில் கொளுத்தும் பிற்பகலில், மழையே இல்லாத நாளில், பாறை விழக் காரணமாகிறது. ஆகையால் காலை ஆறு மணி அளவையும் மாலை மூன்று மணி அளவையும் ஒப்பிட்டு "விரிசல் கூடிவிட்டது" என்று அலறுவதும், மாறி ஒப்பிட்டு "குறைந்துவிட்டது" என்று நிம்மதியடைவதும் ஒருங்கே பிழை. நேரத்தையும் வெயிலையும் குறிக்காத அளவு அளவே அன்று.

அளப்பதால் மட்டும் காப்பாற்றிவிட முடியுமா என்ற என் ஐயத்துக்கு, அமெரிக்காவின் சாக்கோ கேன்யன் நிகழ்வு உவப்பான விடை தரவில்லை. அங்கே புவெப்லோ போனிடோ என்ற பழங்குடிப் பெருமனைக்குப் பின்னால் ஏறத்தாழ 30,000 டன் பாறை ஒன்று தனியே பிரிந்து நின்றது. மனையைக் கட்டிய மக்களே அதன் அடியில் கல்லும் மரமும் கொண்டு முட்டுக் கொடுத்திருந்தார்கள். 1935 முதல் பூங்கா அலுவலர்கள் அதன் நகர்வை அளந்துவந்தார்கள். 1941 ஜனவரியில் அது விழுந்து ஏறத்தாழ 30 அறைகளை நொறுக்கியது. அளவுகள் சரியாகவே இருந்தன. அவற்றைக் கொண்டு அவ்வளவு பெரிய பாறையை என்ன செய்வது என்பதற்கு அன்று யாரிடமும் வழி இல்லை. ஆனாலும் எங்கே ஆள் நிற்கக் கூடாது, எந்தச் சிற்பத்தை முதலில் முழுமையாக ஆவணப்படுத்த வேண்டும் என்பதையாவது அளவு சொல்லும் என்றார் மாமா. எனக்கு அது அரை ஆறுதல்தான்.

செவ்வாய்க்கிழமை, திருவண்ணாமலை வழியாகச் சென்னை

திரும்பும் வழியைச் சுற்றாக்கிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போய், 2024இல் சரிந்த சரிவைத் தொலைவிலிருந்து பார்த்தோம். அந்தப் புயலில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. அவ்வளவு தண்ணீர் மேற்பரப்பில் ஓட வழியில்லாதபோது மண்ணுக்குள்ளும் விரிசலுக்குள்ளும் இறங்கி, பாறையைப் பின்னாலிருந்து தள்ளுகிறது, உராய்வையும் குறைக்கிறது. போல்ட்டும் வலையும் இதற்குப் பிறகுதான். உச்சியில் நீர் தேங்கும் பள்ளங்களைக் கண்டு, சிற்பத்துக்கு அப்பால் நீரைத் திருப்பும் ஒரு முழ அகல வாய்க்கால் பல இடங்களில் போதும். இதைச் சமணப் படுக்கைகளை வெட்டிய கல்தச்சர்கள் அறிந்திருந்தார்கள். குகை நெற்றியில் அவர்கள் வெட்டிய காடி, பாறைமுகத்தில் வழிந்து வரும் மழைநீரை வாயிலுக்கு வெளியிலேயே சொட்டவிட்டு, படுக்கையையும் கல்வெட்டையும் இரண்டாயிரம் ஆண்டுகள் உலர்ந்த நிலையில் வைத்திருக்கிறது. மண்ணும் வேரும் அடைத்த காடியைச் சுத்தம் செய்ய ஓர் ஆளும் ஓர் ஏணியும் போதும்.

தடை அந்த ஆளை அனுப்புவது யார் என்பதில் இருக்கிறது. 2010இல் திருத்தப்பட்ட நினைவுச்சின்னச் சட்டம், காக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டரைக் கட்டுமானம் கூடாத பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வரையறுக்கிறது. வரைபடத்தில் இந்தத் தொலைவு தட்டையாக அளக்கப்படுகிறது. செங்குத்தான குன்றில், சிற்பத்துக்கு நேர்மேலே நிற்கும் பாறை காக்கப்பட்ட எல்லைக்கு வெளியே, வனத்துறை அல்லது வருவாய்த்துறை நிலத்தில் இருக்கக்கூடும். கட்டக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. மேலேறிப் பார் என்று யாருக்கும் அது சொல்லவில்லை. ஆண்டுதோறும் அக்டோபருக்கு முன், தொல்லியல், வனம், வருவாய் ஆகிய மூன்று துறையிலிருந்தும் ஒவ்வொருவராவது சேர்ந்து உச்சிக்கு ஏறி, கன்று, காடி, விரிசல் ஆகியவற்றைக் குறித்துக் கையெழுத்திடும் ஒரு தாள் போதும் என்பது என் எண்ணம். கையெழுத்துப் போடப் பயந்து யாரும் ஏறமாட்டார்கள் என்பது மாமாவின் எண்ணம். திண்டிவனம் சுங்கச்சாவடிவரை இதையே வாதிட்டோம். திருநாதர்குன்றின் பின்பக்கத் தகட்டைப் பிற்பகல் மூன்றரை மணி, கடும் வெயில் என்ற குறிப்போடு எடுத்த படங்களை உரிய அலுவலகத்துக்கு அனுப்புவது என்ற ஒன்றில் மட்டும் இருவரும் உடன்பட்டோம். கடிதத்தை மாமா எழுதுகிறார்.